நாலுபேர் சுமக்கிற விசுவாசம்

மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அடுத்த வரியை நிதானமாக வாசிக்க வேண்டும். 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று எழுதியிருக்கிறது. அவர்கள் விசுவாசத்தை! படுத்திருந்தவன் விசுவாசித்தானா, சந்தேகப்பட்டானா, எதையும் நினைக்க முடியாமல் சும்மா கிடந்தானா என்று மாற்கு ஒன்றுமே சொல்லவில்லை.

இலங்கை மலையகத்து ஆட்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. வாகனம் ஏறி வராத லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்றைக்கும் நோயாளியைக் கதிரையில் உட்கார வைத்தோ கம்பளியில் கிடத்தியோ நாலுபேர்தான் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த நாலு பேரில் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரரும் இருப்பார், சபை மூப்பரும் இருப்பார். தூக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை.

வியாதியில் கிடப்பவரிடம் போய் 'விசுவாசமாய் இருங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது, நடக்க முடியாதவரிடம் 'ரோட்டுக்கு வாருங்கள்' என்று சொல்வது மாதிரிதான். காய்ச்சலும் வலியும் உள்ள உடம்புக்கு ஜெபம்பண்ணவே பலம் இராது. அந்த நாட்களில் விசுவாசத்தைச் சுமக்க வேண்டியது சுற்றி இருப்பவர்கள். அதை எப்படிச் சுமப்பது என்பதைத்தான், லயத்து வீட்டுக்கு ஏற்ற மாதிரி, கையால் செய்கிற காரியங்களாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் படுக்கை. சங்கீதம் 41:3 இப்படிச் சொல்கிறது: 'படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார், அவனுடைய வியாதியிலே அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்.' இதை 'சுகமாக்கி எழுப்புவார்' என்று பிரசங்கிப்பார்கள். அதற்கும் இடமுண்டு. ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசித்தால், நோயாளியின் படுக்கையை மாற்றிப்போடுகிற வேலையைக் கடவுள் செய்கிறார். வார்டில் தாதி மிஸ்மார் செய்கிற அதே வேலை. பாரிசவாதம் வந்து படுத்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர், இவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வசனம் வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் உடம்பின் பாரம் அழுத்தினால் அங்கே இரத்தம் ஓடாது, தோல் சாகத் தொடங்கும், அதுதான் படுக்கைப்புண். நாரியின் அடிப்பக்கம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளிறி மறுபடி சிவந்தால் இன்னும் தப்பிக்கலாம். அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் பாரமே படக் கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் உள்ளே உள்ள சதை இன்னும் கிழியும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

திருப்புவதற்கு ஒரு பழைய பருத்திச் சேலை போதும். நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் நோயாளிக்கு அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, சேலையை உடம்புக்குக் கிட்டப் பிடித்து, தூக்கி நகர்த்த வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் முதுகுத் தோல் பாயோடு உரசிக் கிழிந்துவிடும். பாரிசவாதக்காரருக்குச் செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டும் இறங்கிவிடும். பக்கவாட்டில் படுக்க வைத்த பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலகாணி, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. மல்லாக்கப் படுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்க விட வேண்டும். ஈரம் படாமல் இருக்கப் படங்கை (தார்ப்பாயை) அடியில் விரிப்பவர்கள் நேரே அதன்மேல் படுக்க வைக்காதீர்கள். வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடும், மேலே இரண்டு மடிப்புத் துணி வேண்டும். மழைக்காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் துணி நாட்கணக்கில் காயாது. அரைகுறையாய்க் காய்ந்த துணியை விரிப்பதால்தான் பல வீடுகளில் புண் வருகிறது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டியாவது படுக்கைத் துணியை மட்டும் முற்றாகக் காய வையுங்கள்.

இதில் ஜெபம் எங்கே வருகிறது? திருப்புகிற அந்த வேளையில்தான். நாளுக்குப் பன்னிரண்டு தடவை திருப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திருப்பி முடித்து, போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் கை வைத்து ஒரே ஒரு வசனம். அரை நிமிஷம் போதும். காலையில் சங்கீதம் 121இன் முதல் வசனம் நமது ஊருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்: 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.' கட்டிலை ஜன்னலோ கதவோ தெரியும்படி திருப்பிப் போட முடிந்தால் போடுங்கள், மலை தெரியட்டும். பகலில் 41:3. இரவில் 121இன் நாலாம் வசனம், இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்பது. இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்புகிற மகளுக்கும் அந்த வசனம்தான். தினமும் அதே வசனங்களைச் சொல்லுங்கள், புதிதாகத் தேட வேண்டாம். நினைவு மங்கிய நிலையில் இருப்பவர் பழகிய வார்த்தைகளையே பிடித்துக்கொள்வார்.

பழகிய வார்த்தை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாரிசவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலர் 'தண்ணி' என்று கேட்க முடியாமல் தவிப்பார்கள், ஆனால் சின்ன வயதிலிருந்து பாடிய கீர்த்தனையைத் தொடங்கினால் வார்த்தையோடு கூடவே பாடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. ராகமும், மனப்பாடமாய்ப் பதிந்த சொற்களும் அந்த ஒரே இடத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஆகவே கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகத் தொடங்கி, 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று நிறுத்திப் பாருங்கள். 'எங்கள் பிதாவே' என்று அவர் வாயிலிருந்து வரலாம். கத்தோலிக்கராக இருந்தால் 'விண்ணுலகில் இருக்கிற' என்று தொடங்க வேண்டும், அவர் பழகியது அதுதான். பாடும்போது அவருடைய இடக்கையைப் பிடித்துத் தாளத்துக்குத் தட்டிக் கொடுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மூன்று மாதமாகப் பேசாத ஒருவர் ஆண்டவரிடம் முதலில் பேசுவதைக் கேட்கிற வீட்டார் அழுதுவிடுவார்கள், அழட்டும்.

இழுப்பு உள்ளவர்களுக்கு நீண்ட ஜெபம் சொல்ல மூச்சு இராது. விறகுப் புகையும் பனிக்குளிரும் சேர்ந்த வீடுகளில் இது நிறைய. முதலில் வைத்தியர் தந்த இன்ஹேலரை எடுக்கச் செய்யுங்கள், ஜெபம் அதற்குப் பிறகு. படுக்க விடாமல் உட்கார வைத்து, மேசையில் தலகாணி போட்டு, அதில் முழங்கையை ஊன்றி முன்பக்கம் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் 'இயேசுவே'. உதட்டைக் குவித்து, சுடு தேத்தண்ணியை ஊதுவது போல நாலு எண்ணும் வரை வெளியே விடும்போது 'எனக்கு இரங்கும்'. வெளிமூச்சு நீளமாக இருந்தால்தான் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். ரோமர் 8:26இல் பரிசுத்த ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறதே, மூச்சு முட்டுகிறவருக்கு அதைச் சொல்லுங்கள். அவருடைய பெருமூச்சே ஜெபமாய் எண்ணப்படுகிறது. ஒரு வாக்கியம் முழுதாய்ப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். ஆமென் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். ஒட்சிசன் மெஷின் வைத்திருக்கும் வீட்டில் அந்த அறையில் மெழுகுவர்த்தி, சாம்பிராணி எதுவும் கொளுத்தக் கூடாது. ஒட்சிசன் சூழ்ந்த துணியில் ஒரு பொறி விழுந்தாலும் குப்பென்று பிடித்துவிடும்.

எண்ணெய் பூசுவதைப் பற்றி. யாக்கோபு 5:14 சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது. தோட்டத்துச் சபைகளுக்கு இது நன்றாய்ப் பொருந்தும். 1854இல் கண்டிப் பக்கம் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டம் தோட்டமாய் நடந்து போய் ஊழியம் செய்தவர்களில் உபதேசியார்மாரே அதிகம். இன்றைக்கும் ஒரு போதகருக்குப் பல தோட்டங்கள் இருக்கும், மூப்பர்தான் கிட்டத்தில் இருப்பார். எண்ணெய் தேங்காயெண்ணெயாக இருந்தாலும் பரவாயில்லை. விரல் நுனியில் ஒரு துளி, நெற்றியில் மட்டும். புண்ணிலோ தீக்காயத்திலோ ஊற்றாதீர்கள். வாயிலும் ஊற்றாதீர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும்.

கத்தோலிக்க வீடுகளில் வேறொரு சிக்கல். பழைய பெயர் 'அவஸ்தைப் பூசுதல்' என்பதால், சுவாமி எண்ணெயோடு வந்தால் ஆள் போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அதனால் கடைசி மூச்சு வரைக்கும் கூப்பிடாமல் வைத்திருக்கிறார்கள். 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் இந்தத் திருவருட்சாதனத்தின் முறையைத் திருத்தினார். ஒலிவ எண்ணெய் கிடைக்காவிட்டால் வேறு தாவர எண்ணெயும் பயன்படுத்தலாம் என்று ஆனது அப்போதுதான். இப்போது அதன் பெயர் நோயில்பூசுதல். கடும் நோய் தொடங்கும்போதே கேட்கலாம், பெரிய ஒப்பரேஷனுக்கு முன் கேட்கலாம், சுகமாகி மறுபடி விழுந்தால் மறுபடியும் பெறலாம். ஆகவே நோயாளி கண் விழித்து, தானே பதில் சொல்லக்கூடிய நாளில் பங்குத் தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நற்கருணை அல்லது திருவிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது விழுங்குவதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, குடித்த பின் குரல் கொழகொழவென்று கேட்கிறதா, அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேராக உட்கார வைத்து, மிகச் சிறிய துணுக்கை நனைத்துக் கொடுக்கலாம். செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரை மணித்தியாலம் உட்கார்ந்தபடியே வைத்திருங்கள். கத்தோலிக்க முறையில் அப்பத்தை விழுங்க முடியாதவர் இரசத்தை மட்டும் பெறலாம். நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு மணித்தியால உபவாச விதியும் இல்லை, கஞ்சி குடித்த கையோடு வாங்கலாம். குழாய் மூலம் சாப்பிடுகிறவருக்கு ஒன்றுமே கொடுக்க முடியாது என்று வீட்டார் கலங்குவார்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: மனந்திரும்பி விசுவாசத்தோடு நன்றி செலுத்துகிற நோயாளி, வாயால் வாங்க முடியாவிட்டாலும் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் ஆத்தும நன்மைக்கென்று உட்கொள்கிறார் என்கிறது அந்தக் குறிப்பு. அதைப் படுக்கையருகே நின்று சொல்லிக் காட்டுங்கள்.

இனி, மனதை மிகவும் வருத்துகிற விஷயம். எழுப்புதல் கூட்டத்தில் ஜெபம் பண்ணினார்கள், அடுத்த நாள் உடம்பு லேசாக இருந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டார். பிரஷர் என்பது உள்ளே இருக்கும்போதும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. தலை சுற்றாது, வலிக்காது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்பது அந்த நோய்க்கு ஒரு சாட்சியே அல்ல. அப்படி நிறுத்திய பிறகுதான் பாரிசவாதம் வருகிறது. சுகமானதாக நம்புகிறவரோடு வாதாட வேண்டாம். மத்தேயு 8:4ஐக் காட்டுங்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றார். அந்தக் காலத்தில் சுகமானதைச் சோதித்துச் சொல்கிறவர் ஆசாரியன். இந்தக் காலத்தில் கிளினிக். மாத்திரையைப் போட்டுக்கொண்டே போய் அளந்து பார்க்கட்டும், குறைக்க வேண்டியிருந்தால் டொக்டர் குறைப்பார்.

சீனி வியாதிக்காரர் உபவாச ஜெபத்தில் சேருவதும் அப்படித்தான். இன்சுலினும் சில மாத்திரைகளும் சாப்பாடு இல்லாத உடம்பில் சீனியை மிகக் கீழே இறக்கிவிடும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சு குழம்பினால் அதை 'அபிஷேகம்' என்று நினைத்துச் சுற்றி நின்று பாடக் கூடாது. அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். அவர் உபவாசிக்க விரும்பினால் இறைச்சியையோ டெலிவிஷனையோ விட்டுவிடட்டும்.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவரோடு கூடவே ஒரு வைத்தியர் இருந்தார், லூக்கா. மரித்தவனை எழுப்பிய பவுல் தன் கூட்டாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால், யாரும் நோயாளியைப் பார்த்து 'உங்களுக்கு விசுவாசம் குறைவு' என்று சொல்லக் கூடாது. யார் செய்த பாவம் என்று கேட்கவும் கூடாது. யோவான் 9:3 அந்தக் கேள்வியை மூடிவிட்டது.

பார்க்கப் போகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் (அறையில்) பதினைந்து பேர் நெருங்கிக் கைதட்டிப் பாடினால் நோயாளிக்குக் காற்றே இராது. பதினைந்து நிமிஷம் போதும். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்து எல்லோரும் வருகிற நேரம் அடுப்புப் புகையும் களைப்பும் சேர்ந்த நேரம். நோயாளி உண்மையில் தனியாய்க் கிடப்பது காலையில், வீட்டார் வேலைக்குப் போன பிறகு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சபையார் ஆளுக்கொரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போய் இருந்தால் அது பெரிய ஊழியம். பேசக்கூட வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான்.

போகிறவர் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. மருந்து உறைகளை எடுத்துப் பாருங்கள். சிங்களத்திலோ இங்கிலிஷிலோ எழுதியிருக்கும், எழுத்துத் தெரியாத அம்மா நிறத்தை வைத்துத்தான் போட்டுக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் கொம்பனி மாறி நிறம் மாறினால் எல்லாம் தலைகீழ். ஒவ்வொரு உறையிலும் காலை, பகல், இரவு என்று தமிழில் பெரிதாய் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி போடுங்கள். பிறகு கிளினிக் கொப்பியோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஜெபம் பண்ணுங்கள்.

'ஆண்டவர் என்னை எடுத்துக்கொண்டால் போதும்' என்று நோயாளி சொன்னால் அதட்டாதீர்கள். எலியாவும் அதையே சொன்னார். அவருக்குக் கர்த்தர் பிரசங்கம் அனுப்பவில்லை. தூதன் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுத் தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நம் வீட்டில் அது சுடச்சுட ஒரு ரொட்டியும் பிளேன்டீயும். பிறகு சங்கீதம் 88ஐ முழுதாய் வாசியுங்கள். அது கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் ஒட்டவைக்காதீர்கள். இவ்வளவு இருட்டையும் வேதம் தனக்குள் வைத்திருக்கிறது என்று தெரிவதே சிலருக்குப் போதும். ஆனால் அவர் தூக்கமின்றி, சாப்பாட்டை ஒதுக்கி, சாவதற்கு வழி யோசிக்கிறார் என்று தெரிந்தால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் மரக்கறித் தோட்டத்துப் பூச்சி மருந்துகளையும் பூட்டி வையுங்கள். மனநல உதவிக்கு 1926 இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, டிஸ்பென்சரியிலும் சொல்லுங்கள்.

கடைசியாக, நாலுபேரை முன்கூட்டியே பேசி வையுங்கள். இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினால் எழும்பக்கூடிய நாலுபேர், அவர்களின் நம்பர் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில். மூச்சு முட்டுகிறவரைக் கதிரையில் உட்கார வைத்துத்தான் தூக்க வேண்டும், கிடத்தக் கூடாது. கம்பளியில் தூக்கினால் இறக்கத்தில் கால் முன்னே போகட்டும், தலை மேட்டுப் பக்கம். டோர்ச் பிடிக்க ஐந்தாவதாக ஒரு பிள்ளை, படிகளைப் பார்த்து முன்னால் நடக்கட்டும். பையில் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, போடுகிற மாத்திரை எல்லாம், ஒரு போர்வை, சுடுதண்ணி போத்தல், சின்னப் புதிய ஏற்பாடு. வீட்டில் நிற்கிற பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வந்து படுத்துக்கொள்வார் என்று அதையும் அன்றைக்கே பேசி வையுங்கள்.